குழாய்க்குப் பயந்து ஓடிய எனக்குக் கிடைத்த தைரியம்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சில மாதங்களாக நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மலம் தார் மாதிரி கருப்பாகப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. என் அம்மா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவர்கள். அவர்களுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

உள்ளூர் டாக்டர் ரத்தம் மிகவும் குறைந்திருப்பதாகச் சொல்லி, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனேன். எனக்கு முன்னால் உள்ளே போன ஒரு பெண் ஓங்கரிக்கிற சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். உள்ளே போகாமல் வெளியே நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில், "ஒண்ணுமில்லன்னுட்டாரு டாக்டரு" என்று பொய் சொன்னேன்.

அதன் பிறகு ஜெபிக்க முழங்கால் போட்டாலும் வார்த்தை வரவில்லை. பொய் சொன்ன வாயால் என்னத்தைக் கேட்பது?

மூன்றாவது வாரம் வேலை செய்கிற இடத்திலேயே மயங்கி விழுந்தேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கண் விழித்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் உள்ளயே போகலங்க. எங்கம்மா மாதிரி ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "ஏட்டி, இம்புட்டு நாளா இத நீ ஒருத்தியாவா சுமந்த? நாளைக்கே போவோம். நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் மதுரை போகிற பஸ்ஸில்தான் எனக்கு ஜெபம் வந்தது. 'ஆண்டவரே, நோயை எடுத்துப்போடும் என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. அந்த மேஜையில் படுக்கிற தைரியத்தை மட்டும் தாரும்.' வழியெல்லாம் அதையேதான் சொன்னேன்.

பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் படுத்தேன். ஆனால் எழுந்து ஓடவில்லை. தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் குழாயை விட்டார்கள். கண்ணீர் தானாக வழிந்தது. ஒரு நர்ஸ் என் கையைக் கடைசிவரை விடவேயில்லை.

"மூணு சின்னக் கட்டி இருந்துச்சும்மா. கம்பி வளையத்தை மாட்டி எடுத்துட்டேன். பரிசோதனைக்கு அனுப்பிருக்கேன். ரிசல்ட் வந்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

காத்திருந்த அந்த நாட்கள்தான் கொடுமை. என் மகளின் பள்ளிப் பாவாடைகளை எல்லாம் எடுத்து, அடி மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தைத்து வைத்தேன். நான் இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஆகும் என்று கணக்குப் போட்டேன். அழுதுகொண்டே ஜெபித்தேன். ஜெபித்துவிட்டு மறுபடியும் அழுதேன்.

ரிசல்ட் வந்த அன்று, டாக்டர் தாளைப் படித்து முடிக்கும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புத்துநோய் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். அதுல ஒண்ணு ரத்தம் கசிஞ்சுதான் உங்களுக்கு இவ்வளவு சோகை. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ஆபத்தாப் போயிருக்கும்."

எனக்கு அழுகை வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரும்புச்சத்து மாத்திரையில் சில மாதங்களில் தேறினேன். டாக்டர் சொன்ன தவணைகளில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி திரும்ப வரவில்லை. நான் கேட்டது தைரியம் மட்டும். கர்த்தர் எனக்கு உயிரையும் சேர்த்துக் கொடுத்தார்.

இப்போது எங்கள் சபையில் யாராவது பரிசோதனைக்குப் பயந்தால், நான் கூடவே போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். இதை வாசிக்கிற நீங்களும் ஒரு வலியை மறைத்துவைத்திருக்கலாம். வீட்டில் சொல்லுங்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பயந்துகொண்டே போங்கள், அவர் கூட வருவார்.