ஒரு முடி பிசகு

எதிர்க்கடையிலிருந்து பிளேன்டீ வந்ததும் கறுப்பையா உடனே குடிக்கமாட்டார். முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி மூடிமேல் கிளாஸை வைப்பார். எஞ்சினை முடுக்கிவிட்டு, முகத்தைக் கிளாஸுக்கு நேரே கொண்டுபோய் டீயையே பார்த்துக்கொண்டிருப்பார். டீ பக்கவாட்டில் தளும்பினால் எஞ்சினுக்கு ஒரு வருத்தம், ஒரு நோய். நடுவிலிருந்து வட்டம் வட்டமாகச் சிலிர்த்தால் வேறு வருத்தம். பார்த்து முடித்த பிறகுதான் ஒரே மடக்கு. கண்டி மஹய்யாவயில், ரோட்டோரத்துத் தகரக் கராஜில், விடிந்ததும் நடக்கிற முதல் வேலை இதுதான்.

மனைவி பேச்சியம்மாவுக்கு அந்த டீதான் பகை. வெறும் வயிற்றில் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கிளினிக்கில் துண்டு கொடுத்து இரண்டு மாதமாகிறது. “ஊசின்னா இந்த மனுசனுக்குப் பயம். கேட்டா, ‘ஐயையோ, டீ குடிச்சிட்டேனே’ன்னு பல்லக் காட்டுறாரு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார். கறுப்பையா காதில் விழாதவர்போல ஸ்பானரைத் துடைப்பார். எத்தனையோ எஞ்சின்களின் வயிற்றைத் திறந்த மனிதர்தான். ஊசி முனையைக் கண்டால் மட்டும் அடுத்த தெருவில் இருப்பார், என்ன செய்வது?

றீற்றா அவரிடம் வந்தது ஒரு புதன்கிழமை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்துக்காக வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கிறாள். ஓடுவது அப்பா வைத்திருந்த முப்பது வருஷத்துப் பைக். மூன்று மாதமாக விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. நோயாளியின் கையைத் தடவினால் நரம்பு தட்டுப்படுவதில்லை. அதற்கு முதல்நாள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் வடிவம்மா என்ற கிழவியின் கையில் மூன்று இடம் குத்தியும் துளி இரத்தம் வரவில்லை. வடிவம்மா தானாகவே மறு கையையும் நீட்டினார். றீற்றாவைச் சுட்டதே அதுதான். இன்னொரு முறைப்பாடு வந்தால் ஊசியை வைத்துவிட்டுக் கவுண்டரில் உட்காரவேண்டியதுதான் என்று ஆய்வுகூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

“பழைய பைக், உதறத்தான் செய்யும் எண்டு மூண்டு கராஜிலை சொல்லிப்போட்டினம். டொக்டர் என்ரை கையிலைதான் ஏதோ வருத்தம் எண்டுறார். எது எண்டு எனக்கு விளங்கேல்லை அண்ணை.”

கறுப்பையா பைக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. “ஞாயித்துக்கிழமை கை எப்புடிங்க மிஸ் இருக்கும்?”

“ஞாயிறு நான் ஓடுறேல்லை. கை நல்லாத்தான் இருக்கும்.”

“அப்ப மிஸ்ஸுக்கு ஒரு வருத்தமும் இல்ல. வருத்தம் இவருக்குத்தான்” என்று பைக்கின் சீட்டில் ஒரு தட்டுத் தட்டினார். றீற்றாவுக்குக் கண் கலங்கியது. மூன்று மாதத்தில் கையைக் குற்றம் சொல்லாத முதல் ஆள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் உருட்டிப் பார்த்தார். நடுக்கம் இல்லை. அப்படியானால் சில்லும் இல்லை, சங்கிலியும் இல்லை. எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். எல்லாம் இறுக்கம். பிறகு டீயை மூடிமேல் வைத்து முடுக்கினார். மெதுவாக ஓடுகையில் சாதுவாக இருந்த டீ, வேகம் ஏறிக்கொண்டே போக, ஓர் இடத்தில் சிலிர்த்தெழுந்து கிளாஸின் விளிம்பைத் தாண்டிக் கொட்டியது.

“எஞ்சினை யாராச்சும் பிரிச்சாங்களா?”

“ஓம். மூண்டு மாசத்துக்கு முன்னம் கிராங்கிலை இருக்கிற பின்னை மாத்தினவை.”

“சரியாப் போச்சு.” எஞ்சினின் இடது பக்க மூடியைக் கழற்றினார். சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றைக் கட்டி, அதன் முனை எஞ்சினுக்குள் சுற்றும் கிராங் தண்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வளைத்தார். பிறகு தன் வழுக்கைத் தலையைத் தடவினார். “ஒரு முடி குடுங்க மிஸ். நம்மகிட்டதான் ஸ்டொக் இல்லையே.”

பிடுங்கிக் கொடுத்தாள். கம்பி முனைக்கும் தண்டுக்கும் நடுவில் முடியை விட்டார். வழுவழுவென்று போய் வந்தது. தண்டை அரைச் சுற்றுத் திருப்பினார். முடி சிக்கிக்கொண்டது. இழுத்தார், அறுந்தது.

“பாத்தீங்களா? ஒரு முடி பிசகு. கிராங்கு ரெண்டு பாதிங்க. சேத்து அமுக்கினவங்க நேரா நிக்குதான்னு பாக்கல.”

ஆட்டுக்கல்லில் குழவி சாய்ந்து சுற்றினால் கல்லே ஆடும் அல்லவா? அதே கதைதான். ஆனால் இது நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று; அத்தனை சுற்றும் ஹாண்டில் வழியாக அவள் விரலுக்குள் போயிருக்கிறது.

சனிக்கிழமை றீற்றா வந்து நின்று பார்த்தாள். வெளியே எடுத்த கிராங்கை இரண்டு பேரிங்குகள்மேல் படுக்கவைத்து, விரலால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, மறுபடி சுழற்றல். கால்மணி நேரம் போனது. செம்புச் சுத்தியலை எடுத்தார். ஒரே அடி. சுழற்றினார். இன்னோர் அடி, முந்தியதைவிட மெல்ல. அவளிடம் இன்னொரு முடியைக் கேட்டு வாங்கி விட்டுப் பார்த்தார். சுற்று முழுவதும் எங்கும் சிக்காமல் போனது. தோலுக்கடியில் ஒளிந்த நரம்பைத் தேடியே பிழைக்கிறவள் றீற்றா. இரும்புக்குள் ஒரு முடியைக் கண்டுபிடித்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய் விடிய பைக் தயார். “ஹந்தானைக்கு ஏறி இறங்கிட்டு வாங்க” என்று சாவியைக் கொடுத்தார். திரும்பி வந்ததும் டீ கிளாஸை மூடிமேல் வைத்து, அதே வேகத்துக்கு முடுக்கினார். டீ மெல்லச் சுருங்கி விரிந்ததோடு சரி. ஒரு துளி வெளியே வரவில்லை.

றீற்றா விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தாள். “மரக்கேல்லை அண்ணை. ஆனா ஊசியைப் பிடிக்கத்தான் பயமாக் கிடக்கு.”

கறுப்பையா எஞ்சினை நிறுத்தினார். டீயை எடுக்கவில்லை. குழாயடிக்குப் போய், முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பேச்சியம்மா வாசலில் வந்து எட்டிப் பார்க்க, ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

“இன்னும் டீ குடிக்கலங்க மிஸ்.”