ஓரம் கருகிய கடிதம்

ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை பொருத்தும் லைனில் கிளியம்மாள் பதினோரு ஆண்டுகளாக நிற்கிறாள். இன்னும் காண்ட்ராக்ட்தான். கணவர் இறந்தபின் அந்தச் சம்பளத்தில்தான் மகன் ஹேமந்தைப் படிக்க வைத்தாள். அவன் ராணுவத்தில் சேர்ந்து எல்லைக் காவலுக்குப் போனான். அங்கிருந்து போன் வருவது அபூர்வம். அதனால் ஞாயிறுதோறும் பென்னலூர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவனுக்குக் கடிதம் எழுதுவாள். வாங்கிய மீன், வைத்த குழம்பு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஒன்றையும் விடமாட்டாள்.

2025 மே மாதம் எல்லையில் குண்டுகள் விழத் தொடங்கின. ஹேமந்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. டிவியில் கோட்டு போட்டவர்கள் "இன்னும் அடி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிள்ளையாவது பதுங்குகுழியில் கிடந்திருந்தால் குரல் இறங்கியிருக்கும்.

கிளியம்மாள் இரண்டு நாள் லீவு கேட்டாள். சூப்பர்வைசர் சிரித்தார்.

"சண்ட அங்க நடக்குது. உனக்கு இன்னாத்துக்கும்மா லீவு?"

"என் புள்ள அங்க கீறான் சார்."

"நீ லைன்ல நின்னாலும் அவன் அங்கதான் இருப்பான். போ, போ."

சண்டை நின்றது. அதன் பிறகும் ஐந்து நாள் போன் வரவில்லை. ஆறாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து பிற்பகலில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு முனியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். சுற்றுச்சுவர் மேல், கல்லின் அடியில் ஒரு தபால் உறை. அதன் ஒரு ஓரம் கருப்பாயிருந்தது.

சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தின் ஓரத்தில் கருப்பு தடவுவது அங்கே வழக்கம். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியிலேயே படித்துக் கிழித்துவிட வேண்டும். தபாலை வாங்கிய கணவரின் அண்ணன் சுப்பராயன், அதனால் அதைச் சுவர்மேல் வைத்துவிட்டார். இரண்டு மணி நேரமாக யாரும் தொடவில்லை.

"பிரிச்சீங்களா மாமா?"

"எப்டிம்மா பிரிப்பேன்? ஓரத்தப் பாரு. மேல கையெழுத்துகூட அவன்து இல்ல."

"உள்ள எடுத்துக்கினு பூடாத கிளி" என்றாள் முனியம்மாள்.

சிப்பாய் இறந்தால் அதிகாரிகள் வீடு தேடி வந்து சொல்வார்கள். உறையின் ஓரத்தில் மை தடவி அனுப்பமாட்டார்கள். கூடியிருந்த பத்துப் பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. வழக்கம் மூளைக்குப் பூட்டுப் போட்டால் சாவி எங்கே என்றுகூட நாம் தேடுவதில்லை.

கிளியம்மாள் கல்லைத் தள்ளிவிட்டு உறையைக் கிழித்தாள்.

'அம்மா, நான் நல்லா இருக்கேன்.'

அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வரியையே மூன்று முறை படித்தாள். பிறகுதான் அடுத்த வரிக்குப் போனாள். 'கவர் மழையில நனைஞ்சிடுச்சி. ஸ்டவ் மேல காய வெச்சேன், ஓரம் கருகிப்போச்சு. வேற கவர் இல்ல. அட்ரஸ ஆபீஸ் கிளார்க் எழுதினாரு. பயப்படாத.'

உரக்கப் படித்துக் காட்டிவிட்டு முனியம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒப்பாரி வெக்கக்கூட ஆளுக்குச் சொல்லி அனுப்பிட்டியா?"

"அடிப்பாவி! மத்தியானத்துலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலடி எனக்கு."

"அப்ப டீ போடு. மாமா, இத இப்ப உள்ள எடுத்துக்கினு போலாமா?"

சுப்பராயன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "போம்மா, போ. நான் ஒரு மடையன்."

உள்ளே போய்த்தான் மீதியைப் படித்தாள். ஹேமந்தோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த ஜீவானந்தம் இறந்துவிட்டான். தருமபுரிப் பக்கத்துப் பையன். 'உன் லெட்டர அவனுக்கும் படிச்சுக் காட்டுவேன். மீன் குழம்பு வந்தா திரும்பப் படிக்கச் சொல்லுவான். அவங்க அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். கை ஓடல. நீ எழுதும்மா.' கீழே அந்தத் தாயின் முகவரி.

டீ ஆறிப்போயிற்று. கிளியம்மாள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"ஓரத்துல மை தடவணுமாடி?" முனியம்மாள் தயங்கிக் கேட்டாள்.

"இன்னாத்துக்குக்கா? அந்தம்மாவுக்குத் தெரியாததா?"

'உங்க மகன் என் கடுதாசியைக் கேட்டு சிரிச்சிருக்கான். அதை உங்ககிட்ட சொல்லணும்னு எழுதறேன்' என்று தொடங்கினாள். எழுதி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் தபால் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. இந்த முறை அவள் லீவு கேட்கவில்லை. எடுத்துக்கொண்டாள்.