அப்பா நேராகப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, டில்லியில் ஒரு ஜனவரி மாதம் நடந்தது இது. மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மா இறந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. நான் ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஓவியக் கல்லூரி என்றதும் நாள் முழுக்க ரோஜாப்பூவும் சூரியோதயமும் வரைந்து தள்ளுவோம் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் வருடம் அதெல்லாம் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். டிராயிங் வகுப்பில் ஒரு மேஜைமேல் அழுக்குத் துணியைப் போட்டு, அதன்மேல் காலி பாட்டிலையும் கால் ஒடிந்த ஸ்டூலையும் வைத்து, வாரக்கணக்கில் அதையே வரையச் சொல்வார்கள். டிசைன் வகுப்பு இன்னும் மோசம். சதுரம் போட்டு, அதற்குள் புள்ளிகளை மட்டும் வைத்து 'கூட்டம்' என்று ஒன்று செய், 'தனிமை' என்று ஒன்று செய் என்பார்கள். போஸ்டர் கலர் காயாத அட்டையை மெட்ரோவில் கொண்டுபோய், யாரோ ஒரு ஆன்ட்டியின் வெள்ளை ஸ்வெட்டரில் நீலத்தை அப்பி, ராஜீவ் சௌக் ஸ்டேஷன் வரும்வரை திட்டு வாங்கிய பெருமையும் எனக்கு உண்டு.

இதில் சேர வேண்டும் என்று எனக்காகச் சண்டை போட்டது அம்மாதான். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பி.காம். படி, பரீட்சை எழுது, வேலைக்குப் போ என்பது அவர் கணக்கு. இரண்டு பேரும் சமையலறையில் தினமும் மோதிக்கொள்வார்கள். அந்தச் சண்டை முடியும் முன்பே, என் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அம்மா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அதன்பிறகு அப்பா மறுப்பே சொல்லவில்லை. நுழைவுத் தேர்வுக்கு அவரே அழைத்துப் போய், ஜூன் மாத வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றார். இடம் கிடைத்தது என்று சொன்னபோது "சரி" என்றார். அந்த ஒரு சொல்லை நான் 'எக்கேடும் கெட்டுப் போ' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். ஏனென்றால் அப்பா என்னைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். மிகைப்படுத்தவில்லை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். "சாம்பார் உள்ள இருக்கு, சூடு பண்ணிக்கோ" என்பது ஃபிரிட்ஜுக்குப் போகும். "வெளிய பனியா இருக்கு, மப்ளர் போட்டுட்டுப் போ" என்பது செருப்பு ஸ்டாண்டுக்குப் போகும். சாப்பிடும்போது டிவியில் தமிழ்ச் செய்தி ஓடும். நான் அவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் என்னவோ இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்றால், அந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அம்மா வேண்டும் போலிருக்கும். அது நடக்காது என்று தெரியும். அதனால் அப்பாவாவது ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டாரா என்று ஏங்குவேன். பதினெட்டு வயதுப் பெண் இதற்கெல்லாம் ஏங்குவாளா என்று கேட்காதீர்கள், நான் ஏங்கினேன். புதுக் குர்த்தா போட்டுப் பார்த்தேன். ஒருநாள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தேன். "சாம்பார் உள்ள இருக்கு" என்றார், ஃபிரிட்ஜிடம்.

அந்த ஜனவரியில்தான் டிராயிங் மேடம் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் இருக்கும் யாராவது ஒருவரை ஒரு வாரம் முழுக்க வரைய வேண்டும். ஆனால் தாளைப் பார்க்கவே கூடாது. கண் அந்த ஆளின் முகத்தில் இருக்க வேண்டும், பென்சில் தாளில் இருக்க வேண்டும். கண் எங்கே ஊர்கிறதோ அங்கே பென்சிலும் ஊர வேண்டும், நடுவில் கையைத் தூக்கக் கூடாது. ஓவியம் படிக்கிற எல்லோரும் இந்தக் குருட்டுப் பயிற்சியைச் செய்துதான் தீர வேண்டும். மூக்கு நெற்றிக்குப் போகும், வாய் தாளைவிட்டே வெளியே போகும், அதெல்லாம் பரவாயில்லை. திருட்டுத்தனமாகக் குனிந்து தாளைப் பார்த்தால் மட்டும் மாட்டிக்கொள்வோம். பார்த்த இடத்தில் கோடு திடீரென்று ஒழுங்காகிவிடும். மேடம் அந்த இடத்தில் கரெக்டாக விரலை வைப்பார்.

ஹாஸ்டல் பெண்கள்கூட வார்டனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு என் வீட்டில் இருந்தது ஒரே ஆள். அவரிடம் போய் 'என் எதிரில் உட்காருங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவர் டிவி பார்க்கும்போதும், பேப்பர் படிக்கும்போதும், மங்கி கேப் மாட்டிக்கொண்டு ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கும்போதும், சத்தம் போடாமல் வரைந்து ஒரு கட்டுத் தாள் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் தாளைப் பார்த்திருக்கிறேனா என்று கண்டுபிடிக்கப் போகிறார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. எல்லாத் தாளையும் மேஜையில் பரப்பிவிட்டு, "ஸப் மே கான் ஹை, ஆங்க் கஹாங் ஹை?" என்றார். எல்லாவற்றிலும் காது இருக்கிறது, கண் எங்கே?

அப்போதுதான் நானும் பார்த்தேன். காது, கன்னம், பிடரி, தோள். ஒரு வாரம் வரைந்ததில் ஒரு தாளில்கூட அப்பாவுக்குக் கண் இல்லை. இந்த மனிதர் உன்னைப் பார்ப்பதே இல்லையா என்று மேடம் கேட்டார். சும்மா கேட்டதுதான். எனக்கு மூக்கு விடைத்து அழுகை முட்டியது, சளிப் பிடித்திருக்கிறது என்று சொல்லித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, திங்கட்கிழமை வரை நேரம் தருகிறேன், முகத்துக்கு நேராக உட்கார்ந்து ஒன்றே ஒன்று வரைந்து வா, போதும் என்றார்.

சனிக்கிழமை முழுக்கக் கேட்க நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பனி விலகி, பன்னிரண்டு மணிக்கு மேல் பால்கனியில் நல்ல வெயில் விழுந்தது. டில்லிக் குளிரில் அந்த வெயிலுக்காக ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்பாவும் போய் உட்கார்ந்து கின்னு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பிரம்பு மோடாவை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, மடியில் போர்டை வைத்துக்கொண்டு, "அப்பா, காலேஜ் ப்ராஜெக்ட். கொஞ்ச நேரம் அசையாம உட்காரணும்" என்றேன்.

"எதுக்கு? போட்டோ எடுத்துட்டுப் போயேன்" என்றார், கின்னுவிடம்.

போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது என்று விளக்கினேன். தட்டைக் கீழே வைத்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு, என் தலைக்கு மேலே, எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் வரைந்தேன். முடித்ததும் திருப்பிக் காட்டினேன். மூக்கு காதுப் பக்கம் போயிருந்தது, மோவாய் இரண்டாகியிருந்தது.

"இது நானா? மூக்கு காதுக்குப் பக்கத்துலல்லா கெடக்கு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில் இன்னொரு தாளை மாட்டி, "இது செல்லாதுப்பா, கண்ணு வரலை. என்னைப் பாருங்க" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நொடி பார்த்தார். உடனே கண் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிவிட்டது. "அப்பா, இங்க" என்றேன். மறுபடி ஒரு நொடி வந்தது, மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கிளம்பி வந்தது.

"நான் அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்? இந்தக் காலேஜ் பிடிக்கலன்னா சொல்லிடுங்க, விட்டுர்றேன். அம்மா போனதுலேர்ந்து ஒரு நாள்கூட என் மூஞ்சிய நீங்க பார்க்கல."

சாதாரணமாக இப்படிக் கத்திவிட்டால் நான் எழுந்து அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வேன். அன்று முடியவில்லை. பென்சில் தாளில் இருந்தது. முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது என்று ஒரு வாரமாகப் பழகிப் பழகி, அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கண் ஓடவில்லை.

"ஏட்டி, பிடிக்காமலா பரீட்சையன்னிக்கு வெயில்ல வந்து நின்னேன்? நீ கோவப்பட்டேன்னா இந்தப் புருவம் ரெண்டும் அவளுக்கு ஏறுத மாதிரியே ஏறுது. சிரிச்சாலும் அப்படித்தான். உன்னப் பாத்தா அவ மூஞ்சில்லா தெரியுது. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

அப்பாவின் கண்களை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி இருக்கிறது. இமை முடிகள் நரைக்க ஆரம்பித்திருந்தன. அவர் அழவில்லை. ஆனால் ரொம்ப நாள் கழித்து ரயிலிலிருந்து இறங்குகிறவரைத் தேடுவதுபோல, நெற்றியில் ஆரம்பித்து, புருவம், மூக்கு, வாய் என்று என் முகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரை வரைந்துகொண்டிருந்த அதே வரிசை அது. என் பென்சில் தாளைத் தாண்டி, போர்டைத் தாண்டி, சால்வைமேல் ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "இன்னும் இல்லப்பா, ஹிலோ மத்" என்றேன். அசையாதீங்க என்று தமிழில் சொல்லக்கூட அந்த நேரத்தில் வரவில்லை. அவரும் அசையவில்லை. பால்கனியிலிருந்து வெயில் போகும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் மீதிக் கின்னுவை உரித்து, கொட்டை எடுத்து, என் கையில் வைத்தார்.

திங்கட்கிழமை அந்தத் தாளைக் கொடுத்தேன். ஒரு கண் நெற்றியிலும் ஒரு கண் கன்னத்திலும் இருந்தது, வாயைக் காணவே காணோம். மேடம் வாங்கிக்கொண்டார். எவ்வளவு மதிப்பெண் வந்தது என்று இப்போது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அதுவரை நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று தெரிந்துகொண்டதில் ஒரு நிம்மதி இருந்தது. அதோடு ஒரு பொறாமையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அம்மாவைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது, எனக்கு அது இல்லையே என்று. மெட்ரோ சுரங்கத்துக்குள் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரியும். புருவத்தை உயர்த்திப் பார்ப்பேன், கோபமாக முறைத்துப் பார்ப்பேன். எதிரில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான்தான் தெரிவேன். அம்மா வரவே மாட்டார்.

இப்போது நான் கடைசி வருடம். அப்பா ஃபிரிட்ஜோடு பேசுவதை விட்டுவிட்டார். என்னிடமே பேசுகிறார், செய்தியைவிடச் சத்தமாகப் பேசுகிறார், டிசைன் வகுப்புக்குச் சதுரம் வெட்டித் தரும் அளவுக்கு முன்னேறிவிட்டார். ஆனாலும் சில நாள் சாப்பாட்டின் நடுவில் பேச்சு நின்றுபோகும். தலை நிமிர்ந்தால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை எனக்கானது இல்லை என்று தெரியும். என்னப்பா என்று நான் கேட்பதில்லை. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று, கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.