கஞ்சியில் கலந்தது

யூனிஸ் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவாள். சந்தேகம் தட்டினால் மறுபடியும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முழங்காலிட்டுக் கண்ணீர் வழிய ஜெபிப்பதும் அதே யூனிஸ்தான். இரண்டும் ஒருநாள் தன் வீட்டு அடுப்படியில் மோதிக்கொள்ளும் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் கணவர் சுந்தர்சிங் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையை விடாமல் போட்டுவந்ததால் பல வருஷங்களாக அது எட்டிப் பார்க்கவில்லை. அப்படியிருக்க, நண்பர் ஒருவர் அவரை மேடவாக்கத்திலுள்ள ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார். பாஸ்டர் காலேப் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். வீடு திரும்பியதும் சுந்தர்சிங் மாத்திரைகளையெல்லாம் வாரிக் குப்பையில் போட்டார்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே?" என்றாள் யூனிஸ்.

"கேட்டா அது விசுவாசம் இல்ல."

"விடை சரியான்னு திரும்பப் போட்டுப் பாருங்கன்னு பசங்களுக்குச் சொல்றது நீங்கதானே?"

"கணக்கைச் சோதிக்கலாம் யூனிஸ். கர்த்தரைச் சோதிக்கக் கூடாது."

சில நாட்களிலேயே குளியலறை வாசலில் விழுந்தார். வாயில் நுரை, வெட்டி வெட்டி இழுக்கும் கைகால். யூனிஸ் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டாள். தெளிந்து எழுந்தவர், "இது சாத்தானோட வேலை. இப்பதான் உறுதியா நிக்கணும்" என்றார். அவர் முகத்தில் பயமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் யூனிஸ் பயந்தாள்.

மறுநாள் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழுது, அதே மருந்தைச் சிரப்பாக எழுதி வாங்கிவந்தாள். காலையும் ராத்திரியும் கேழ்வரகுக் கஞ்சியில் சிரப்பை ஊற்றி, தூக்கலாக வெல்லம் போட்டுக் கலக்கினாள். கலக்கும்போதெல்லாம் அவள் உதடு ஜெபித்துக்கொண்டிருந்தது. வலிப்பு நின்றது. சுந்தர்சிங்கின் விசுவாசமோ நாளுக்கு நாள் வளர்ந்தது.

குணமானதை மேடையேறிச் சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். ஜெபவீடு நிரம்பி வழிந்தது. "நான் கணக்கு வாத்தியார். நிரூபிக்காம எதையும் ஒத்துக்க மாட்டேன். இதோ, நானே நிரூபணம்!" என்றார். எத்தனையோ செல்போன்கள் அவரைப் படம் பிடித்தன. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று யூனிஸுக்குத் தோன்றியது. உட்கார்ந்தபடியே மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் பாடகர் குழுவிலிருந்த அபிகாயில் என்ற பெண் தயங்கித் தயங்கி அவர்களிடம் வந்தாள்.

"ஐயா, மாத்திரையை நீங்க சுத்தமா நிறுத்திட்டீங்களா?"

"சுத்தமா நிறுத்திட்டேம்மா."

அவள் யூனிஸின் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க கூடவே இருக்கீங்க. அதுக்கப்புறம் ஐயாவுக்கு வரலையா?"

கணவர் பக்கத்திலேயே நின்றார்.

"இப்ப வர்றதில்லம்மா" என்றாள் யூனிஸ். சொன்னது பொய்யில்லை.

அந்தப் பெண்ணுக்கும் வலிப்பு இருக்க வேண்டும், அதனால்தான் கேட்டாள் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நாளைக்கே போய்ப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்கு ட்யூட்டி இருந்தது. அதற்கு மறுநாள் மழை. கணவர் காதுக்கு எட்டிவிட்டால் கஞ்சியைத் தொடவே மாட்டாரே என்ற பயமும் கூடவே இருந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவள் பாத்திரம் தேய்க்க வரும் கிளியம்மாள். அவள் வீடும் அபிகாயில் வீடும் ஒரே தெருவில்.

"யக்கா, அந்த ஜெபவூட்ல பாட்டு பாடுற பொண்ணு செத்துப் பூட்ச்சுக்கா. தண்ணி லாரி வந்திச்சு. ட்ரம்முல தண்ணி மொண்டுகினு இருந்த பொண்ணுக்கு இழுப்பு வந்து, அப்டியே தலைகுப்புற உள்ள கவுந்துகீது. வூட்ல ஒருத்தரும் இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திரைய நிறுத்திட்சாம். யாரோ வாத்தியாரு சொன்னாருன்னு அவங்கம்மா கதறிகினு கீது."

யூனிஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சுந்தர்சிங் வந்ததும் சொன்னாள். அவர் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு, "பாவம். அவளுக்கு விசுவாசம் போதலை போல" என்றார்.

யூனிஸ் எழுந்து போய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த சிரப் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"விசுவாசக் குறை இல்லங்க. அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்க ஆள் இல்ல. அவ்வளவுதான்."

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா குடிக்க மாட்டீங்க. உங்களை நான் பறிகொடுத்திருப்பேன்."

"சரி. அவ கேட்டாளே, அவகிட்ட ஏன் சொல்லலை?"



அடுத்த ஞாயிறு சுந்தர்சிங் அதே மேடையில் ஏறி, "நான் குணமாகலை. என் மனைவி எனக்குத் தெரியாம மருந்து குடுத்திருக்கா. என்னை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார். பாஸ்டர் காலேப் பரிவோடு அவர் தோளில் கைபோட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். "பார்த்தீங்களா? மனுஷன் உதறினாலும் கர்த்தர் கைவிடலை. மனைவியோட கையைக் கொண்டே காப்பாத்தியிருக்கார்!"

"அல்லேலூயா!" என்று கூரை அதிர்ந்தது.

"இல்ல பாஸ்டர், மருந்து... அது மருந்து!" சுந்தர்சிங் கத்தினார். அதற்குள் கீபோர்டும் ட்ரம்ஸும் முழங்கத் தொடங்கிவிட்டன.

வாசலில் அபிகாயிலின் அம்மா ரத்தினபாய் யூனிஸுக்காகக் காத்திருந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் யூனிஸ் அருகே போனாள். அவளோ தணிந்த குரலில் பேசினாள்.

"எம்பொண்ணு பாஸ்டரை நம்பலை. உங்க வீட்டுக்காரரையும் முழுசா நம்பலை. ஆன்ட்டி லேப்ல வேலை பார்க்கறவங்கம்மா, பார்க்காததைச் சொல்ல மாட்டாங்கன்னா. உங்களை நம்பித்தான் நிறுத்தினா."

சுந்தர்சிங் இப்போது மாத்திரை போட்டுக்கொள்கிறார். கஞ்சியைத் தானே காய்ச்சிக் குடிக்கிறார். யூனிஸ் எதைப் பரிமாறினாலும் ஒரு நொடி முகர்ந்து பார்த்துவிட்டே வாயில் வைக்கிறார். அவள் அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறாள். ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தை வருவதில்லை. ஆனாலும் முழங்காலிடுவதை அவள் நிறுத்தவில்லை.

அவருடைய இரண்டாவது சாட்சியை யாரும் படம் பிடிக்கவில்லை. முதலாவது மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. சுந்தர்சிங்கின் நம்பரைத் தேடிப் பிடித்து யார் யாரோ கூப்பிடுகிறார்கள். யூனிஸ்தான் போனை எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறாள். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு பெண் பேசினாள். தன் தங்கைக்கு நேற்றிலிருந்து மாத்திரை கொடுப்பதில்லை என்றாள்.

"ஐயோ, உடனே குடுங்கம்மா! அந்தச் சாட்சி உண்மையில்ல. நான்தான் அவரோட மனைவி, நானே சொல்றேன்!"

"எங்க விசுவாசத்தைக் குலைக்க இப்படி யாராவது பேசுவாங்கன்னு எங்க சபையில முன்னாடியே சொல்லிட்டாங்க சிஸ்டர்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

யூனிஸ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.