மாவுக்கட்டை அறுத்தவள்மேல் விழுந்த பழி

என் முதுகை வளைத்தது அந்தப் பெரிய டாக்டர்தான். பழியை என் நாத்தனார் தலையில் போட்டவரும் அவரேதான்.

எழுபதுகளின் நடுவில், ஒரகடத்துப் பக்கம் நாற்று நடும்போது என் கால்கள் மரத்துப்போயின. நிற்பது சேற்றிலா வரப்பிலா என்று தெரியவில்லை. மதராஸ் ஆஸ்பத்திரியில், முதுகுக்குள் ஒரு கட்டி நரம்பை அழுத்துகிறது என்றார்கள்.

"கட்டிய எடுத்துட்டா நடப்பீங்க" என்றார் அந்தப் பெரிய டாக்டர். ஆபரேஷன் முடிந்து நடந்தேன். அதை மறுக்கவில்லை.

மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் ஆடிக் கூழ் ஊற்றும் வாரம். ஆஸ்பத்திரித் தீட்டோடு வீட்டுக்குள் வரக்கூடாது, தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றார் மாமியார். மாவு நனைந்தால் ஊறிப்போகுமே என்று நாத்தனார் யோசித்தாள்.

"அறுத்து வெச்சிட்டு, குளிச்சதும் திரும்ப மாட்டிக்கலாம் அண்ணி. சட்டை மாதிரிதானே கீது."

என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த ரம்பத் துண்டால் மாவுக்கட்டை இரண்டாகப் பிளந்தாள். குளித்ததும் இரண்டு ஓடுகளையும் சேர்த்துவைத்துப் புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் நான் முன்னால் சாய ஆரம்பித்தேன். மறுபடி அதே டாக்டர். புதிதாக எடுத்த எக்ஸ்ரே உறைக்குள்ளேயே இருந்தது. அவர் பார்த்தது அந்தப் புடவைக் கிழிசலை.

"மாவுக்கட்ட யார் அறுத்தது?"

"நான்தான் சார்" என்றாள் நாத்தனார்.

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

படத்தை வெளியே எடுக்காத மனிதருக்குக் காரணம் மட்டும் எப்படித் தெரிந்தது? அன்றைக்கே எனக்கு உறுத்தியது. ஊருக்கு உறுத்தவில்லை. குழாயடியில் சிரித்தார்கள். "முதுவ காட்டாதடி, ரம்பம் எடுத்துகினு வந்துடுவா." அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள்.

சில வருடம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அந்தப் பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கட்டிய எடுக்க வழி வேணும்னு பின்பக்க எலும்ப எடுத்தாங்க, சரி. அதோட முதுகெலும்புல ரெண்டு பக்கத்து மூட்டுகளையும் எடுத்துட்டாங்க. அதுங்கதான் முதுக நிறுத்தும். போச்சுன்னா இடுப்பெலும்புலேர்ந்து துண்டு எடுத்து ஒட்டணும், இல்ல கம்பி வெக்கணும். இங்க ரெண்டும் இல்ல."

"மாவுக்கட்டு அறுக்காம இருந்திருந்தா?"

"கொஞ்சம் தாமதமா வளைஞ்சிருக்கும். அவ்ளோதான். நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிடாதீங்கம்மா."

உண்மைக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

கம்பி அன்றைக்கு அந்தப் பெரிய டாக்டர் கையில் இல்லாமல் இருந்திருக்கலாம். என் இடுப்பெலும்பு என்னோடுதானே இருந்தது? வேறு காரணம் இருந்தால் அதையும் கேட்கிறேன், ஆனால் தனியாக அல்ல. டாக்டரே, வருகிற ஆடியில் கூழ் ஊற்றும் அன்று எங்கள் அம்மன் கோயில் வாசலுக்கு வாருங்கள். என் நாத்தனாரை முன்னால் நிறுத்தி, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: அந்த மூட்டுகளை எடுத்தது யார்? எடுத்த இடத்தில் என்ன வைத்தீர்கள்?