தெருக்குத்து மனை

கணக்கு டீச்சர் வீட்டுக் கூடத்து ஜன்னல், அவர்கள் குடிபுகுந்த அன்று என் மார்பளவு உயரத்தில் இருந்தது. அதன் விளிம்பில்தான் காப்பி டம்ளரை வைத்தேன். பச்சை பெயிண்ட் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. டம்ளரின் அடி வட்டமாகப் பதிந்துவிட்டது. நான் பதறிப்போனேன். அவர் சிரித்தார். "இருக்கட்டும் டீச்சர், இந்த வீட்ல உங்க அடையாளமும் ஒண்ணு வேணும்ல" என்றார்.

சேலையூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவரைப் போல உழைத்தவரை நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் ஒரு டியூஷன், பள்ளி விட்டதும் இரண்டு. கம்பெனி மூடியதில் வேலை போன கணவர், இரண்டு பையன்கள், எல்லோரும் அவர் கையை நம்பி இருந்தார்கள். கேம்ப் ரோடு முழுக்க நடந்தே வருவார். "நம்ம கையில இருக்கிறது உழைப்பு ஒண்ணுதான் டீச்சர், மத்ததெல்லாம் சும்மா" என்பார். நானோ மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மாடம்பாக்கத்தில் நிலம் வாங்கி மனை பிரித்தோம். யாருக்கு எது என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டு எடுத்தோம். கணக்கு டீச்சருக்கு மண் ரோட்டை ஒட்டிய மேட்டு மனை வந்தது. எனக்குக் கடைசி வரிசையில், பள்ளத்தில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். காலமெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர் அவர். செருப்புக் காலால் புல்லை விலக்கிப் பார்த்தார். "கோரை முளைச்சிருக்கு பாரு. ஏரித் தண்ணி வர்ற வழி இது. இதுல வீடு கட்டாதே" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தண்ணீர்ப் பானை அருகே கணக்கு டீச்சர் என்னைத் தனியாக நிறுத்தினார். எதிர்த் தெரு ஒன்று நேராக வந்து அவருடைய மனையில் முட்டுகிறதாம். தெருக்குத்து. குடும்பத் தலைவனைக் காவு வாங்கிவிடும் என்று அவருடைய அண்ணன் சொல்லிவிட்டாராம். "உங்க ஆளுங்களுக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாதுல்ல? எனக்காக மாத்திக்கிறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்." அவர் கண் கலங்கியிருந்தது.

"அதுக்கென்ன, மாத்திக்கலாம்" என்றேன். ஏதோ பெரிய மனது பண்ணுகிறவளைப் போலச் சொன்னேன். கோரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன கேட்டிருக்க முடியும் அவரால்? அவருக்கு நிலம் அளக்கும் அப்பா இல்லை. பத்திரம் பதிவதற்கு முன்பே சீட்டை மாற்றிக்கொண்டோம்.

தொண்ணூறுகளில் அந்த மண் ரோடு தார் ரோடாகி பஸ் வந்தது. எதிர்த் தெரு முழுக்க வீடுகள் வந்தன. அத்தனை பேரும் என் வாசலுக்கு வந்துதான் பஸ் ஏற வேண்டும். கீழே நான்கு கடைகள் கட்டி வாடகைக்கு விட்டேன். கெட்டிக்காரி என்றார்கள். சர்ச்சில் சாட்சி சொல்லச் சொன்னபோது, கர்த்தருடைய கிருபையும் என் சிக்கனமும் என்று கூசாமல் சொன்னேன்.

கணக்கு டீச்சர் வீட்டில் மழைக்கு மழை தண்ணீர் புகுந்தது. ஒவ்வொரு தடவையும் டியூஷன் பணத்தில் கட்டட இடிபாடுகளை வாங்கிக் கொட்டித் தரையை உயர்த்தினார். தரை ஏற ஏறக் கூரை தலைக்கு அருகில் வந்தது. ஃபேன் தலையில் இடிக்குமென்று கழற்றினார்கள். ஒரு பெருமழையில் சாக்கடையும் சேர்ந்து வீட்டுக்குள் நாள்கணக்கில் நின்றது. அவர் கணவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் இறந்துபோனார். நான் மாலையோடு போனேன். அப்போதும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அவரைப் பார்க்கப் போனேன். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. பையன்கள் வாடகை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இந்த வயதிலும் அவர் டியூஷனை விடவில்லை; நான்கு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. ஜன்னல் இப்போது முழங்கால் உயரம். அதன் விளிம்பில் ஒரு பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டு, "உக்காருங்க டீச்சர்" என்று மறுபக்கத்தைக் காட்டினார்.

காப்பி கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீங்க மாத்திக்கலன்னா என் பசங்களும் மிஞ்சியிருக்க மாட்டாங்க. இங்கயே அவர் போயிட்டாருன்னா, அங்க என்னென்ன நடந்திருக்குமோ! அந்த தோஷத்தை நீங்க வாங்கிக்கிட்டீங்க. தினம் விளக்கு ஏத்தறப்ப உங்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிறேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காப்பி நல்லா இருக்கு டீச்சர்" என்றுதான் வந்தது.

டம்ளரை வைக்க இடம் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே, உரிந்துபோன பச்சை பெயிண்டில் அந்த வட்டம் இன்னும் இருந்தது. கிளம்பும்வரை காலி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.