பெரியப்பா எடுத்த திருவிழா

கனடாவில், அஜக்ஸ் நகரில், எங்கள் வீட்டுச் சலவை அறையில், உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்கு மேலே உள்ள தட்டில், ஒரு வெள்ளை ஹெல்மெற் இருக்கிறது. கட்டட வேலைக்காரர் போடுவார்களே, அந்த வகை. முன்பக்கத்தில் நீல எழுத்தில் பெரியப்பாவின் பெயரும், அதற்குக் கீழே அனுசரணையாளர், அதாவது ஸ்பொன்சர், என்று ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. ஒரு நாள்கூட வேலைத்தளத்துக்குள் போகாத ஹெல்மெற்றில் கீறல் எப்படி விழும்? சோப்புத்தூள் எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் அது கண்ணில் படும். படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒருவரை மட்டும் சொல்ல முடியாது. அரசாங்கத்தின் மேல், கைகழுவிவிட்டுப் போன கம்பெனிக்காரர் மேல், பெரியப்பா மேலும்தான்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அகதியாக வந்து, ஒரு தொழிற்சாலையில் இரும்புத்தூள் கூட்டி, பிறகு அங்கேயே மெஷின் ஓட்டப் பழகி, கடைசியில் மார்க்கம் நகரில் சொந்தமாக ஒரு தொழிற்சாலை போட்டவர். தண்ணீர்ப் பம்புகளுக்கு வேண்டிய உலோகப் பாகங்களைக் கடைந்து கொடுப்பதுதான் தொழில். வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். ஆள் சரியான கசவாரம், காசை இறுக்கிப் பிடிப்பவர். முருங்கைக்காய் எங்கே மலிவு என்று பார்க்க மூன்று கடை ஏறி இறங்குவார், அதுவும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு. பெரியம்மா அவரோடு கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பள்ளிக்கூடத்துக்காகக் கடைசிக் காசு வரைக்கும் இறைத்தார் என்று சொன்னால், அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

அது நான் படிப்பித்த பள்ளிக்கூடம். ஸ்காபரோவில் ஒரு உயர்நிலைப் பள்ளி, நான் அங்கே தொழில்நுட்ப ஆசிரியை. அந்த நாட்களில் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வணிக நிறுவனங்கள் அனுசரணையாக ஒரு பங்கு போட்டால், அரசாங்கம் அதற்கு மேலே தன் பங்கைப் போட்டு, அந்தப் பள்ளியைத் தனிச்சிறப்புத் தொழில்நுட்பப் பள்ளியாக மாற்றித் தரும். புதிய மெஷின்கள், கூடுதல் ஆசிரியர்கள், படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு அனுசரணையாளரின் தொழிற்சாலையிலேயே வேலை பழக இடம். எங்கள் பள்ளி அதிபர் அம்மா, நல்ல மனம் கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கதவு கதவாகத் தட்டி ஒரு பெரிய மின்பொருள் கம்பெனியைப் பிடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பணம் போதவில்லை. நான் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

பள்ளியில் புதிய பட்டறை திறந்த நாளில் அனுசரணையாளர் இருவருக்கும் பெயர் பொறித்த வெள்ளை ஹெல்மெற் அணிவித்தார்கள். படம் எடுப்பதற்கான ஏற்பாடு, வேறொன்றுமில்லை. கம்பெனியின் துணைத்தலைவர் சிரித்துக்கொண்டு ஒருமுறை போட்டார், படம் எடுத்ததும் கழற்றிச் சிற்றுண்டி மேசையில் வைத்துவிட்டார். அது அங்கேயே கிடந்தது. பெரியப்பா அப்படி இல்லை. செருப்பைக் கழற்றாத குறைதான், குனிந்து இரண்டு கையையும் கூப்பித் தலையைக் கொடுத்தார். கோயிலில் ஐயர் பரிவட்டம் கட்டும்போது எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். சாப்பாடு முடியும் வரைக்கும் அதைக் கழற்றவில்லை. பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவருக்குள் என்ன நடந்துவிட்டது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஊர்க் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் உபயமாக எடுக்கும். அன்றைய பூசை, மேளம், சாத்துப்படி, அன்னதானம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். தகப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். கடன்பட்டாவது செய்வார்கள், விட்டால் ஊரில் தலைநிமிர முடியாது. ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்துடையது. இடம்பெயர்ந்து கிடந்த வருடங்களிலும், கனடாவில் குளிர்ச்சட்டை வாங்கக் காசில்லாத முதல் வருடத்திலும், பெரியப்பா அதை விடவில்லை. இதைக் கேட்டு யாரும் புல்லரிக்க வேண்டாம். எனக்கு இந்த வழக்கத்தில் பெரிய மரியாதை கிடையாது, எத்தனையோ வீடுகள் இதனால் அழிந்ததை அறிவேன். ஆனால் பெரியப்பாவுக்கு அனுசரணை என்ற சொல்லுக்கு வேறு பொருள் தெரியாது. கம்பெனிக்காரர் கையெழுத்திட்டது ஒரு ஒப்பந்தம். பெரியப்பா எடுத்தது ஒரு திருவிழா.

சில வருடங்களில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. கம்பெனி புதுப்பிக்கவில்லை. நன்றி சொல்லி, ஒரு பெரிய கேக்கும் அனுப்பிவிட்டு, வேறொரு நகரத்தில் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டது. அனுசரணை குறைந்தால் அரசாங்கத்தின் பங்கும் குறையும் என்பது விதி. அப்படிக் குறைந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். அதிபர் அம்மா கூட்டம் போட்டு இதை விளக்கினார். அப்போது பெரியப்பா எழுந்து, தன் உடைந்த ஆங்கிலத்தில், அவர்களுடைய பங்கையும் நானே எடுக்கிறேன் என்றார். அறை முழுக்கக் கைதட்டியது. அதிபர் அம்மா அவரைக் கட்டிப்பிடித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் நான் அவரை மறித்தேன்.

"பெரியப்பா, இது கோயில் இல்லை. அவங்கள் விட்டிட்டுப் போட்டாங்கள், நீங்களும் விடலாம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"கோயிலெண்டா சாமி மட்டும்தான் பாத்துக்கொண்டிருக்கும். இஞ்ச உவ்வளவு பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள்" என்றார். பிறகு என் தோளில் தட்டி, "எடுத்த திருவிழாவை விடுற ஆக்களே நாங்கள்?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்து வந்தவை கெட்ட வருடங்கள். பம்புக் கம்பெனிகள் வேறு நாடுகளில் மலிவாகச் செய்விக்கத் தொடங்கின. பெரியப்பாவின் தொழிற்சாலைக்கு வேலை குறைந்தது. மற்றவர்கள் என்றால் முதலில் தானதருமத்தைத்தான் நிறுத்துவார்கள். இவர் மெஷின்களை விற்றார். தன் பட்டறையில் ஒவ்வொன்றாக விற்று, எங்கள் பட்டறைக்குப் பங்கு கட்டினார். எங்கள் பிள்ளைகள் பளபளக்கும் மெஷினில் பழகிவிட்டு, வேலை பழக அவருடைய தொழிற்சாலைக்குப் போனால், அங்கே மெஷின் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. என்ன கூத்து இது என்று நான் அவரிடமே கேட்டேன். பதிலுக்கு, வந்த பிள்ளைகளைச் சாப்பிட வைத்து அனுப்பினாயா என்று கேட்டார். கடைசியில் மார்க்கத்து வீடும் போனது. பெரியப்பாவும் பெரியம்மாவும் பிக்கரிங்கில் மகள் வீட்டு நிலவறைக்குக் குடிபோனார்கள்.

பெரியம்மா வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "எனக்கு ஒரு நல்ல சீலை வாங்கித் தர ஆயிரம் கணக்குப் பாத்த மனுசன், ஆர் பெத்த பிள்ளையளுக்கோ வீட்டை வித்துப்போட்டு நிக்குது" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் ஏழாம் திருவிழாவுக்குத் தன் தாலிக்கொடியை அடகு வைத்ததும் அதே பெரியம்மாதான். அதை யாராவது நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார்.

இத்தனைக்கும் பிறகு ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அனுசரணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி அரசாங்கத்தின் பங்கு இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் வேறு சில அறிவித்தல்களுக்கு நடுவில் இதையும் வாசித்தார்கள். பெரியப்பா நம்பவில்லை. சூட்டைப் போட்டுக்கொண்டு, மாகாணசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உறுப்பினர் இல்லை. ஒரு இளம் உதவியாளர் இருந்தார். உங்கள் தாராள மனதுக்கு மாகாணம் நன்றி சொல்கிறது, ஆனால் முன்னுரிமைகள் மாறிவிட்டன என்றார். நான் நிறுத்தவில்லையே, நான் இன்னும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று பெரியப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பிள்ளை முகம் சிவந்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

வெளியே வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தமிழில் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, சாமியே திருவிழா வேண்டாமெண்டு சொன்னா உபயகாரன் என்ன செய்யிறது?"

நான் சாவியை வாங்கி, அவரை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டேன்.  

பட்டறை மூடப்பட்டது. மெஷின்கள் ஏலத்தில் போயின. பாதி படித்த பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள், அந்தப் பள்ளிகளில் மெஷின் இல்லை. என்னையும் இடம் மாற்றினார்கள். பிறகு அந்தக் கட்டடமும் விற்கப்பட்டு, இடிக்கும் நாள் வந்தது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, ஒருக்கா உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நான் போனபோது அந்த ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் தயாராக இருந்தார். ஹெல்மெற்றின் உட்பக்கத்தில் செய்த மாதமும் வருடமும் பதிந்திருக்கும். குறித்த காலம் கடந்தால் பிளாஸ்டிக் பலமிழந்துவிடும், அதைப் போடக்கூடாது. புதிய வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். அவருடைய ஹெல்மெற்றின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. இடிக்கிற இடத்தில் ஒருவேளை உள்ளே விட்டாலும் விடுவார்கள் என்று நினைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் நின்றவன் ஒரு தமிழ்ப் பெடியன். பெரியப்பாவிடமிருந்து மரியாதையாக வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"சொறி அங்கிள், உது எக்ஸ்பயர்ட். உதோட உள்ளுக்கு விடேலாது. ஆனா இற்ஸ் ஓகே, விசிற்றர் ஹெல்மெற் ஒண்டு தாறன்."

மஞ்சள் நிற ஹெல்மெற் ஒன்றை நீட்டினான். பெரியப்பா அதைத் தொடவில்லை.

"வேண்டாம் தம்பி. நான் விசிற்றர் இல்லை."

தன்னுடையதைத் திரும்ப வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, வேலிக்கு வெளியே நடைபாதையில் போய் நின்றார். அங்கே நிற்க யாருக்கும் ஹெல்மெற் தேவையில்லை. போகிறவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இயந்திரம் பட்டறைச் சுவரைப் பெயர்த்து முடிக்கும் வரைக்கும் அசையாமல் நின்றார். வாருங்கள் போவோம் என்று நான் கூப்பிட்டது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் பெரியப்பா இறந்துபோனார். பெரியம்மா அந்த ஹெல்மெற்றைச் சவப்பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று நின்றார். பிளாஸ்டிக் என்பதால் எரிக்க முடியாது என்று தகனசாலையில் வேலை செய்பவர்கள் பணிவாகச் சொன்னார்கள். பெரியம்மா அதை என் கையில் திணித்தார். "கொண்டு போ. உன்ர பள்ளிக்கூடத்தாலதானே வந்தது" என்றார். இறுதிச்சடங்கில் பலர் எழுந்து வள்ளல் என்றும் கொடையாளி என்றும் பேசினார்கள். அவர் நொடித்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் பலர் அதில் இருந்தார்கள். எங்கள் கடைசி வகுப்பிலிருந்து ஒருத்தி மட்டும், வேலைத்தளத்திலிருந்து நேராக, எண்ணெய் படிந்த சப்பாத்தோடு வந்திருந்தாள். பிக்கரிங்கில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டுகிறாளாம். பின்வரிசையில் இருந்து அழுதுவிட்டுப் போனாள்.

போன வாரம் எங்கள் புதிய பள்ளியின் அதிபர் என்னைக் கூப்பிட்டார். அரசாங்கம் மறுபடியும் ஒரு தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் கொண்டுவருகிறதாம், வணிக அனுசரணை வேண்டுமாம். மேசையில் மாதிரிக்கு ஒரு வெள்ளை ஹெல்மெற் இருந்தது, பெயர் அச்சிட முன்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். உங்கள் சமூகத்து வணிகர்கள் ஒரு பொறுப்பை எடுத்தால் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், யாரையாவது தெரியுமா என்று அன்போடு கேட்டார்.

"ஆமாம், விடமாட்டார்கள்" என்றேன். "அதனால்தான் ஒருவருடைய பெயரும் தரமாட்டேன்."

அவருக்குப் புரியவில்லை.  வீட்டுக்கு வந்து சலவை அறைக்குப் போனேன். காலம் முடிந்த ஹெல்மெற்றை இரண்டாக வெட்டித்தான் எறிய வேண்டும், தெரியாத யாராவது எடுத்துத் தலையில் போட்டுவிடக்கூடாது. பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியப்பாவின் ஹெல்மெற்றை எடுத்துத் தூசி துடைத்து, பெயர் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தேன்.